பேட்டரிக்குள்ள தண்ணி என்ன பண்ணுது?

கொஞ்ச நாளைக்கு முன்னாடி டர்பன் சாட்ஸ்வொர்த்துல எங்க கோயில் ஹால்ல ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் டீ குடிச்சிட்டு இருந்தோம், அப்ப ஒரு அக்கா கேட்டாங்க, "தம்பி, இனிமே தண்ணிலயே ஓடுற பேட்டரி வருதாமே, லித்தியமே வேண்டாமாமே, நெசமா?" பக்கத்துல இருந்த தாத்தா உடனே, "அது எப்பவோ வந்தாச்சும்மா, டிராக்கன்ஸ்பர்க் மலைமேல தண்ணிய ஏத்தி வெச்சிருக்கானே எஸ்காம்காரன், அதுதான்"ன்னார் (எஸ்காம்னா எங்க சவுத் ஆஃப்ரிக்கா கரண்ட் கம்பெனி). இன்னொரு அண்ணன், "எங்க வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்கு நான் மாசாமாசம் தண்ணி ஊத்துறேன், அப்ப அதுவும் தண்ணி பேட்டரிதானே"ன்னார். மூணு பேரும் ஒரே வார்த்தையதான் சொல்றாங்க, ஆனா மூணு பேர் மனசுலயும் மூணு வேற சாமான். லோட் ஷெட்டிங், அதாவது நேரம் வெச்சு கரண்ட் வெட்டுற காலத்துல நம்ம சனங்க பேட்டரிக்குன்னு கொட்டின காசு கொஞ்சநஞ்சம் இல்ல, அதுல பாதி இந்த மாதிரி குழப்பத்துலயே போச்சு, அதனால இத மொதல்லேர்ந்து பொறுமையா எழுதிடலாம்னு உக்காந்தேன். கெமிஸ்ட்ரி படிக்காதவங்களுக்கும் புரியணும், அதான் எண்ணம்.

மொதல்ல மூணையும் பிரிச்சு வெப்போம்

தாத்தா சொன்னது பம்ப்டு ஸ்டோரேஜ். நம்ம குவாசூலு-நட்டால் மலைப்பக்கம் டிராக்கன்ஸ்பர்க் நிலையம் 1981லேர்ந்து ஓடுது, 1,000 மெகாவாட். அதுக்கப்புறம் வந்த இங்குலா 1,332 மெகாவாட். ராத்திரி கரண்ட் மிச்சமா இருக்கும்போது கீழ் அணையிலேர்ந்து தண்ணிய மேல் அணைக்கு ஏத்துறாங்க, சாயந்திரம் எல்லா வீட்லயும் அடுப்பும் கீசரும் போடுற நேரத்துல அந்தத் தண்ணிய கீழ விட்டு டர்பைன சுத்துறாங்க. பேப்பர்ல இதையும் தண்ணி பேட்டரின்னு எழுதுறாங்க, ஆனா இங்க வேலை செய்யுறது தண்ணியோட எடை மட்டும்தான். ரசாயனம் ஒண்ணும் கெடையாது.

அந்த அக்கா மனசுல இருந்தது வேற, தண்ணிய பெட்ரோல் மாதிரி ஊத்தினா கரண்ட் வரும்னு. இது நடக்காது. தண்ணிங்கிறது ஹைட்ரஜன் ஆக்சிஜனோட சேந்து எரிஞ்சு முடிஞ்சதுக்கு அப்புறம் மிஞ்சுற சாமான், அதாவது ஒரு வகையில சாம்பல். சாம்பல மறுபடி அடுப்புல போட்டா எரியுமா? அத திரும்ப ஹைட்ரஜனா ஆக்சிஜனா பிரிக்கணும்னா நாமதான் கரண்ட் செலவழிக்கணும்.

இன்வர்ட்டருக்கு தண்ணி ஊத்துற அண்ணன் சொன்னதுதான் சரி. தண்ணியில ஏதோ ஒரு உப்போ ஆசிடோ காரமோ (ஆசிட்டுக்கு எதிர் ஜாதி, ஆல்கலி) கரைச்சு, அந்தத் திரவத்த உள்ள வெச்சு செய்ற எல்லா பேட்டரியும் தண்ணி பேட்டரிதான். உங்க கார் பேட்டரி அதுல சேத்தி. 1800ல வோல்டா செஞ்ச மொத பேட்டரியும் அதே வகைதான், உப்புத்தண்ணியில நனைச்ச துணிய ரெண்டு உலோகத் தகட்டுக்கு நடுவுல வெச்சு அடுக்கினார். அதனால இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச புதுசு இல்ல, பழைய சரக்குக்கு இப்ப புது மூளை வெக்கப் பாக்குறாங்க.

ஆத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்

எந்த பேட்டரியா இருந்தாலும் உள்ள நடக்குற கதை ஒண்ணுதான். ஒரு ஆறு, ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு வீடு. இந்த வீட்டு ஆளுங்க எல்லாம் அந்த வீட்டுக்குப் போகத் துடிக்கிறாங்க. படகுல போகலாம், ஆனா படகுக்காரன் மூட்டை ஏத்த மாட்டேங்கிறான், ஆள் மட்டும்தான். மூட்டைய லாரியில போட்டு சுத்து ரோடு வழியா அனுப்பணும், அந்த லாரி போற வழியிலதான் நம்ம லைட்டு, டிவி, பிரிட்ஜ் எல்லாம் உக்காந்து சுங்கம் வசூல் பண்ணுது.

இப்ப பேர வெச்சிடுவோம். ரெண்டு வீடும் எலக்ட்ரோடு. படகுல போற ஆளுங்க அயனி, அதாவது மின்னூட்டம் உள்ள அணு. மூட்டைதான் எலக்ட்ரான், அது போற ரோடு நம்ம வயர். ஆறு எலக்ட்ரோலைட், அயனிய கடத்துற திரவம். ரெண்டு எலக்ட்ரோடும் ஒண்ண ஒண்ணு தொட்டுடாம இருக்க நடுவுல ஒரு மெல்லிசு தடுப்பு இருக்கும், அதுக்கு செப்பரேட்டர்னு பேரு. நம்ம டர்பன் பன்னி சோ (நடுவுல தோண்டின ரொட்டிக்குள்ள கறிக்குழம்பு ஊத்தித் தர்றது) சாப்பிட்டவங்களுக்கு இது ஈசியா புரியும், குழம்பு ரொட்டிக்குள்ள ஊறிப் போகுது ஆனா கறித்துண்டு உள்ளயே நிக்குது இல்ல, அந்த ரொட்டி மாதிரிதான் செப்பரேட்டர், திரவம் ஊறும், தகடு தாண்டாது.

சார்ஜ் பண்றதுன்னா வந்த ஆளுங்கள எல்லாம் வெளியிலேர்ந்து கரண்ட் குடுத்து திரும்ப பழைய வீட்டுக்கே அனுப்புறது. அவ்ளோதான்.

தண்ணி பேட்டரியில அந்த ஆறு தண்ணி. லித்தியம் பேட்டரியில அந்த ஆறு ஒரு வகை கரிமத் திரவம், தீப்பிடிக்கிற ஜாதி. இந்த ஒரு வித்தியாசத்துலேர்ந்துதான் மத்த நல்லது கெட்டது எல்லாம் வருது.

தண்ணியால என்ன லாபம்

தண்ணி எரியாது. இது சின்ன விஷயம் இல்ல, லித்தியம் செல்லு ஒண்ணு உள்ளுக்குள்ள சூடேறி கட்டுப்பாடு போச்சுன்னா பக்கத்து செல்லையும் இழுத்துட்டுப் போகும், அந்தத் திரவமே எரிபொருளா மாறிடும். அடுத்து, அயனி தண்ணியில படு வேகமா ஓடும், லித்தியம் பேட்டரியோட திரவத்த விட பத்து மடங்குக்கு மேலயே நல்லா கடத்துற தண்ணிக் கரைசல் சாதாரணமா கெடைக்குது. அப்புறம் செய்ற எடம். லித்தியம் பேட்டரிய ஈரமே இல்லாத தனி அறையிலதான் செய்யணும், அந்த அறைய காய வெச்சு வெச்சிருக்கவே கரண்ட் பில்லு எகிறும். தண்ணி பேட்டரிக்கு ஈரத்துக்கு பயப்பட வேண்டியதே இல்ல, உள்ள இருக்கிறதே தண்ணிதானே.

1.23 வோல்ட்டுங்கிற வேலி

இவ்ளோ நல்லதுன்னா ஏன் எல்லாரும் லித்தியத்துக்கு ஓடினாங்க? ஏன்னா தண்ணிக்கு ஒரு வேலி இருக்கு. ரெண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவுல 1.23 வோல்ட்டுக்கு மேல போச்சுன்னா தண்ணியே உடைய ஆரம்பிக்கலாம், ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் ஆக்சிஜன் வாயு. இது இயற்கை போட்ட கணக்கு. லித்தியம் செல்லு ஒண்ணு 3.2லேர்ந்து 3.7 வோல்ட் குடுக்குது, அதனாலதான் அதே எடையில நெறைய சக்தி அடங்குது.

இங்க ஒரு கேள்வி வரணும் உங்களுக்கு. கார் பேட்டரியில ஒரு செல்லு 2 வோல்ட் ஆச்சே, ஆறு செல்லு சேந்துதானே 12 வோல்ட், அப்ப அது எப்படி வேலிய தாண்டி நிக்குது? கதவு திறந்துதான் இருக்கு, ஆனா திருடன் வர்ற வழி முழுக்க முழங்கால் சேறு, அதான் காரணம். ஈயத்து மேல ஹைட்ரஜன் உருவாகுறது ரொம்ப ரொம்ப மந்தமான வேலை, விதிப்படி நடக்கணும்னாலும் நடக்க சோம்பேறித்தனம் பண்ணுது, அந்த மந்தத்துலதான் 1859ல பிளாந்தே செஞ்ச ஈய-ஆசிட் பேட்டரி இன்னிக்கு வரைக்கும் பொழைச்சிட்டு இருக்கு. எனக்கு இந்த விஷயம் மொத தடவை புரிஞ்சப்ப அன்னிக்கு பூரா கார் பேட்டரிய மரியாதையோட பாத்தேன்.

ஆனா மந்தம்னாலும் அடியோட இல்லன்னு ஆயிடாது. சார்ஜ் முடியப்போற நேரத்துல கொஞ்சம் தண்ணி உடையத்தான் செய்யும், அதுதான் நீங்க மாசாமாசம் ஊத்துற தண்ணி. அந்த வாயு எங்க போகும்? கேரேஜுக்குள்ளதான். காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேந்தாலே ஒரு பொறி போதும் பத்திக்க. தண்ணி பேட்டரி எரியாது எரியாதுன்னு சொல்லி கதவு ஜன்னல் எல்லாம் மூடி வெச்சிடாதீங்க, தயவு செஞ்சு.

இதுவரைக்கும் வந்தது: தண்ணி எரிபொருள் இல்ல, அது ஆறு. அயனிய வேகமா கடத்தும், தீப்பிடிக்காது, ஆனா வோல்ட் ஏறினா தானே உடையும். தண்ணி பேட்டரியில வர்ற முக்காவாசி தொல்லை இந்த உடையுறதுலேர்ந்துதான் வருது.

சித்தப்பா கேரேஜுல என்ன நடந்துச்சு

2022, 2023 நம்ம யாராலயும் மறக்க முடியாது. லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, ஒரு ஸ்டேஜுக்கு 1,000 மெகாவாட் கணக்குல நாடு முழுக்க வெட்டினாங்க. எங்க சித்தப்பா அப்பதான் ஒரு இன்வர்ட்டரும் ரெண்டு சீல் வெச்ச ஈய பேட்டரியும் வாங்கினார், கடைக்காரர் "தொடவே வேண்டாம், அஞ்சு வருஷம் வரும்"ன்னு சொல்லித்தான் குடுத்தார். ஒன்றரை வருஷத்துல ரெண்டும் செத்துப்போச்சு. சித்தப்பா பேட்டரி டூப்ளிகேட்டுன்னு நெனச்சார், சித்தி கடைக்காரர திட்டினாங்க. என்ன ஆச்சுன்னு நான் உக்காந்து பாத்தப்ப பேட்டரி மேல பெரிய தப்பு இல்ல, அத நடத்தின விதம்தான் தப்பு.

ஈய பேட்டரி கரண்ட் குடுக்கும்போது ரெண்டு தகடும் ஈய சல்பேட்டா மாறுது, அதுக்கு வேண்டிய சல்பேட்டு ஆசிட்டுலேர்ந்து போகுது. அதனால சார்ஜ் கொறையக் கொறைய ஆசிட் நீர்த்துப்போயி வெறும் தண்ணி பக்கம் வந்துட்டே இருக்கும். சார்ஜ் பண்ணா அந்த சல்பேட்டு திரும்ப கரைஞ்சு ஆசிட்டுக்கே வரணும். சீக்கிரம் சார்ஜ் பண்ணிட்டா வந்துடும். பல நாள் அரைகுறையாவே கெடந்தா அந்த சல்பேட்டு கெட்டியான படிகமா எறுகிப்போகும், பாத்திரம் சாப்பிட்ட உடனே கழுவினா போயிடும், மறுநாள் கழுவினா சொரண்டினாலும் போகாது இல்ல, அந்தக் கதைதான். இதுக்கு சல்பேஷன்னு பேரு.

இப்ப ஸ்டேஜ் 6 நாள் ஒண்ண நெனச்சுப் பாருங்க. காலையில கரண்ட் போகுது, பேட்டரி பாதிக்கு மேல காலி. வந்து சார்ஜ் ஏறுது, ஆனா ஈய பேட்டரி முழுசா ஏற எட்டு பத்து மணி நேரம் வேணும், அதுக்குள்ள மறுபடி கட். சாயந்திரம் மறுபடி. அந்த பேட்டரி மாசக்கணக்குல ஒரு நாள் கூட முழு வயிறு சாப்பிடல. அதோட அந்த இன்வர்ட்டர் 10.5 வோல்ட் வரைக்கும் இறங்க விட்டிருக்கு, 12 வோல்ட் பேட்டரிக்கு அது அடிவயிறு. ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரின்னா பேப்பர்ல 1.2 கிலோவாட்-மணி, ஆனா ஆயுசு வேணும்னா பாதிய மட்டும்தான் எடுக்கணும், 600 வாட்-மணி. இத யாரும் சித்தப்பாவுக்கு சொல்லல. எனக்கு இன்னிக்கும் அதுல ஒரு வருத்தம் இருக்கு, எத்தனை வீட்டுல பென்ஷன் காசுல வாங்கின பேட்டரி இப்படி செத்துச்சு.

ஜிங்க்கும் தோசைக்கல்லும்

இப்ப புதுசா எல்லாரும் பேசுற தண்ணி பேட்டரியில முக்கியமானது ஜிங்க்-அயான். ஒரு பக்கம் ஜிங்க், அதாவது துத்தநாகம், இன்னொரு பக்கம் பெரும்பாலும் மாங்கனீஸ் ஆக்சைடு, நடுவுல ஜிங்க் சல்பேட்டு கரைச்ச தண்ணி. சாமான் ஒண்ணும் அந்நியம் இல்ல, டார்ச் லைட்டுல போடுறமே அந்த செல்லுக்குள்ளயும் ஜிங்க்கும் மாங்கனீஸும்தான், ஆனா அது ஒரு தடவை போனா போனதுதான். அத ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற மாதிரி ஆக்கணும், அதுதான் பாடு.

சார்ஜ் பண்ணும்போது தண்ணியில இருக்கிற ஜிங்க் அயனி எல்லாம் வந்து தகட்டுல உலோகமா படியணும், தோசைக்கல்லுல மாவு பரவுற மாதிரி சமமா. கல்லு ஒரு எடத்துல சூடு ஜாஸ்தி, ஒரு எடத்துல கம்மின்னா தோசை எப்படி வரும்? அதே மாதிரி தகட்டுல ஒரு சின்ன மேடு இருந்தா மின்சாரம் அந்த மேட்டு நுனியிலதான் அதிகம் குவியும், அயனியும் அங்கயே ஓடும், மேடு இன்னும் மேடாகும், பணக்காரன் கிட்டயே பணம் சேர்ற மாதிரி. கடைசியில அது ஊசி மாதிரி வளந்து செப்பரேட்டர குத்திட்டு அந்தப்பக்கம் தொட்டுடும், ஷார்ட். அந்த ஊசிக்கு டென்ட்ரைட்னு பேரு.

அதே நேரத்துல இன்னொரு தொல்லையும் நடக்குது. ஜிங்க் மேலயும் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு ஹைட்ரஜன் குமிழ் வருது, அப்படி வரும்போது அந்த எடத்துல புளிப்புத்தன்மை, அதாவது ஆசிட் குணம், கொறைஞ்சு காரம் ஏறுது, காரம் ஏறினா ஜிங்க் ஒரு வெள்ளை உப்பா மாறி தகட்டுமேல படியுது, கெட்டிலுக்குள்ள சுண்ணாம்பு படியுற மாதிரி. படிஞ்ச எடத்துல அயனி போக முடியாது, அதனால பக்கத்து எடத்துல கூட்டம், கூட்டம்னா மேடு, மேடுன்னா ஊசி. பாத்தீங்களா, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கைகோத்துட்டு வருது, தனித்தனி நோய் இல்ல.

இங்க ஒரு கணக்கு சொல்லியே ஆகணும், ஏன்னா விளம்பரத்துல "99 சதவீதம் திறன்"னு போட்டா நாம மயங்கிடுவோம். ஒவ்வொரு தடவை சார்ஜ் பண்ணி இறக்கும்போதும் இருக்கிற ஜிங்க்ல 99 பங்கு திரும்ப வருது, 1 பங்கு வீணா போகுதுன்னு வெச்சுக்கோங்க. 100 தடவைக்கு அப்புறம் மிச்சம் 37 சதவீதம் கூட இல்ல. 99.9னா 100 தடவைக்கு அப்புறம் 90 மிஞ்சும், ஆனா தினம் ஒரு தடவைன்னு பத்து வருஷம் ஓட்டினா அது 3,650 தடவை, அப்ப மிஞ்சுறது 3 கூட இல்ல. 99.99 இருந்தாதான் பத்து வருஷத்துக்கு அப்புறமும் 69 நிக்கும். கூட்டு வட்டி தலைகீழா வேலை செய்யுது. செய்றவங்க கூடுதல் ஜிங்க் போட்டு இத கொஞ்சம் சமாளிப்பாங்க, ஆனா நம்பகமான பேட்டரின்னா என்னன்னு கேட்டா என் பதில் இதுதான், அந்த புள்ளிக்கு அப்புறம் எத்தனை 9 இருக்குன்னு பாருங்க.

மாங்கனீஸ் பக்கமும் ஒழுங்கு இல்ல, அது கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில கரைஞ்சு போகும். அதுக்கு ஒரு அழகான வைத்தியம் இருக்கு, தண்ணியில முன்கூட்டியே கொஞ்சம் மாங்கனீஸ் உப்ப கலந்து வெச்சிடுறது. ஏற்கனவே உப்பு இருக்கிற குழம்புல இன்னும் உப்பு கரையத் தயங்குற மாதிரி.

ஊறுகாய் கெடாத காரணமும் இதுதான்

தண்ணி உடையுறத எப்படி நிறுத்துறது? 2015ல மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடமும் சேந்து ஒரு வழி காட்டினாங்க. நம்ம வீட்டு மாங்கா ஊறுகாய் ஏன் மாசக்கணக்குல கெடாம இருக்கு? அதுல தண்ணி இருக்கு, ஆனா சும்மா திரியுற தண்ணி இல்ல, எல்லாத்தையும் உப்பு கையப் பிடிச்சு வெச்சிருக்கு, கிருமிக்கு குடிக்க ஒரு சொட்டு கெடைக்கல. அவங்களும் அதையே பண்ணாங்க. ஒரு கிலோ தண்ணிக்கு கிட்டத்தட்ட ஆறு கிலோ லித்தியம் உப்பு! உப்புல தண்ணி கரைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். ஒவ்வொரு தண்ணி மூலக்கூறும் ஏதோ ஒரு அயனியோட கட்டிப்போட்டு கெடக்கு, உடையுறதுக்கு ஆள் சிக்கல, அதோட எலக்ட்ரோடு மேல ஒரு மெல்லிசு காப்புப் படலமும் வந்துடுது. 1.23ன்னு இருந்த வேலி 3 வோல்ட் வரைக்கும் நகந்துச்சு.

ஆனா அந்த உப்பு விலை ஜாஸ்தி, வீட்டு பேட்டரிக்கு ஆறு கிலோ கணக்குல ஊத்த முடியாது. அதனால இத கடையில விக்கிற சரக்குன்னு எடுத்துக்காம ஒரு பாடமா எடுத்துட்டாங்க, இப்ப மலிவான உப்பு, பசை மாதிரி ஜெல், தண்ணிய பிடிச்சு வெக்கிற வேற சேர்மானம் எல்லாம் போட்டுப் பாக்குறாங்க. யோசனை ஒண்ணுதான், சும்மா திரியுற தண்ணிய கொறைக்கணும்.

ரெண்டு தொட்டி, ஒரே உலோகம்

இன்னொரு ஜாதி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வனேடியம் ஃப்ளோ பேட்டரி. இதுல சக்தி தகட்டுல இல்ல, திரவத்துலயே இருக்கு. ரெண்டு தொட்டி நிறைய வனேடியம் கரைச்ச ஆசிட் தண்ணி, நடுவுல ஒரு சின்ன அடுப்படி மாதிரி செல்லு அடுக்கு, பம்ப்பு வெச்சு ரெண்டு திரவத்தையும் அதுக்குள்ள ஓட்டுறாங்க. அதிக நேரம் வேணுமா, தொட்டிய பெருசாக்கு. அதிக பவர் வேணுமா, அடுக்க பெருசாக்கு. 1980கள்ல ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல மரியா ஸ்கிலாஸ்-கசாகோஸ்ங்கிறவங்க குழு இத உருவாக்கினாங்க.

வனேடியத்துக்கு நாலு நிலை உண்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர், ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். அதுல ரெண்டு ஒரு தொட்டிக்கு, ரெண்டு இன்னொரு தொட்டிக்கு. இதுல இருக்கிற சூட்சுமம் என்னன்னா ரெண்டு பக்கமும் ஒரே உலோகம், அதனால நடுத்தடுப்பு வழியா கொஞ்சம் கசிஞ்சு அந்தப்பக்கம் போனாலும் பேட்டரி கெட்டுப்போகாது. வேற வேற உலோகம்னா கலந்தது கலந்ததுதான். இங்க ரெண்டு தொட்டியையும் எடுத்து மறுபடி கலந்து பிரிச்சு சார்ஜ் பண்ணா அப்படி இழந்த கொள்ளளவுல பெரும்பங்கு திரும்ப வந்துடும். செத்த பேட்டரிய பொழைக்க வெக்கிற மாதிரி. சீனாவுல டாலியன்ல 2022ல 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி அளவுல ஒண்ணு கிரிட்டோட சேத்தாங்க.

கொறை? எடம் அடைக்கும். ஒரு லிட்டர் திரவத்துல சுமார் 25 வாட்-மணிதான். ஒரு வீட்டுக்கு நாலு மணி நேரம் ஒரு கிலோவாட் வேணும்னா 160 லிட்டர், ஒரு பெரிய டிரம். அதோட சூடு 40 டிகிரிய தாண்டினா வனேடியம் திரவத்துலேர்ந்து வண்டலா படிய ஆரம்பிக்கும், தகரக் கொட்டாயில வெச்சா டர்பன் வெயிலுக்கு கவனம் வேணும்.

இந்தப் பகுதிய ரெண்டே வரியில: ஈயம் அரைவயித்துல கெடந்தா எறுகும், ஜிங்க் ஊசியா வளரும், வனேடியம் எடம் கேக்கும். மூணுலயும் உள்ள என்ன நடக்குதுன்னு யாராவது கவனிச்சுட்டே இருந்தா பாதி நோய ஆரம்பத்துலயே பிடிக்கலாம்.

அப்ப ஸ்மார்ட்டுன்னா?

போன்ல ஆப் வந்து பச்சைக் கலர்ல 80 சதவீதம்னு காட்டினா அது ஸ்மார்ட்டுன்னு விக்கிறாங்க. அந்த 80 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்க. வெறும் வோல்டேஜ பாத்து சொன்னதுன்னா அது ஜோசியம், லோடு ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், சார்ஜ் ஏறும்போது தூக்கிக் காட்டும்.

நல்ல பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமா பி.எம்.எஸ்., மளிகைக்கடை கணக்கு நோட்டு மாதிரி வேலை செய்யும். எவ்ளோ உள்ள போச்சு, எவ்ளோ வெளிய வந்துச்சு, ஒவ்வொரு நொடியும் எழுதும். அதுல தெரியுறது சார்ஜ் நிலை. ஆனா கடைக்காரர் நோட்டுல எழுதினதுக்கும் மூட்டையில இருக்கிறதுக்கும் வித்தியாசம் வந்தா எலி தின்னுதுன்னு அர்த்தம் இல்லையா, அதே மாதிரி தண்ணி பேட்டரியில உள்ள போன கரண்ட்ல கொஞ்சம் தண்ணிய உடைக்கவே போயிடும், நோட்டுல வரவா இருக்கும் ஆனா பேட்டரியில இருக்காது. அதனால அப்பப்போ பேட்டரிய ஓய்வுல விட்டு வோல்டேஜ் பாத்து, முழுசா ஏத்தி, கணக்க நேர் பண்ணணும். வருஷத்துக்கு வருஷம் அந்த வித்தியாசம் எப்படி வளருதுன்னு பாத்தா பேட்டரியோட ஆரோக்கியம் தெரியும். சார்ஜ் நிலைங்கிறது இன்னிக்கு சாப்பாடு, ஆரோக்கியம்ங்கிறது வயசு. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

அடுத்தது சூடு. ஈய பேட்டரிக்கு 25 டிகிரியில சரியா இருக்கிற சார்ஜ் வோல்டேஜ் 35 டிகிரியில ஜாஸ்தி, 12 வோல்ட் பேட்டரிக்கு சுமார் 0.2லேர்ந்து 0.3 வோல்ட் கொறைக்கணும், இல்லன்னா தண்ணிதான் கொதிச்ச மாதிரி வெளிய போகும். ஒரு சின்ன சென்சார் வயர பேட்டரி மேல ஒட்டினா போதும் இதுக்கு, ஆனா பல வீட்டுல அந்த வயர் பெட்டியிலயே கெடக்குறத என் கண்ணால பாத்திருக்கேன்.

ஜிங்க் வகையில இன்னும் கொஞ்சம் நுணுக்கம். ஒரே மூச்சா சார்ஜ் பண்ணாம விட்டு விட்டு பண்ணா அயனி எல்லா எடத்துக்கும் பரவ நேரம் கெடைக்கும், படிவு கொஞ்சம் சமமாகும். ஜிங்க்-புரோமின்னு ஒரு வகையில அப்பப்போ முழுசா காலி பண்ணி தகட்ட வழிச்சு எடுத்துட்டு புதுசா ஆரம்பிக்கிறாங்க, கல்ல சுரண்டிட்டு அடுத்த தோசை ஊத்துற மாதிரியே. எப்ப வழிக்கணும்னு தானே கணிச்சு, வீட்டுக்கு கரண்ட் தேவைப்படாத நேரமா பாத்து அத பண்ணிக்கிட்டா அதுக்குப் பேருதான் ஸ்மார்ட்.

கம்ப்யூட்டர் கத்துக்கிற விஷயமும் இங்க வருது. 2019ல ஸ்டான்ஃபோர்ட், எம்.ஐ.டி., டொயோட்டா ஆராய்ச்சிக் குழு சேந்து 124 லித்தியம் செல்ல ஓட்டிப் பாத்தாங்க, மொத 100 சுத்துல (ஒரு தடவை ஏத்தி இறக்கினா ஒரு சுத்து) வர்ற நுணுக்கமான மாற்றத்த வெச்சே அந்த செல்லு எத்தனை சுத்து வாழும்னு சுமார் 9 சதவீத பிழையில சொல்லிட்டாங்க, அத்தனைக்கும் அந்த 100 சுத்துல கொள்ளளவு பெருசா கொறையவே இல்ல. நாடி பிடிச்சு ஆயுசு சொன்ன மாதிரி. இது லித்தியத்துல நடந்தது, அப்படியே தூக்கி ஜிங்க்குக்கு வெக்க முடியாது, தண்ணி பேட்டரி நோய் வேற, அதுக்கு அதோட நாடிய தனியா படிக்கணும், வாயு அழுத்தம், புளிப்பு-காரம், உள்தடை எல்லாம் சேத்து.

நம்ம நாட்டுக்கு இது ஏன் முக்கியம்

சவுத் ஆஃப்ரிக்கா மாங்கனீஸ்ல உலகத்துலயே மொத எடம், வட கேப்ல ஹோட்டாசெல் பக்கம் தோண்டுறாங்க. வனேடியம் புஷ்வெல்டு பாறையில இருக்கு, தோண்டுறதுல சீனா, ரஷ்யாவுக்கு அடுத்து நாம. ஜிங்க்குக்கு காம்ஸ்பெர்க். மேல சொன்ன பேட்டரிக்கு வேண்டிய உலோகம் மூணும் நம்ம மண்ணுல. அதுல பெரும்பங்கு அப்படியே கப்பல் ஏறுது, திரும்ப பேட்டரியா வரும்போது நாம ராண்ட் எண்ணி வாங்குறோம். இத நெனச்சா மனசு கேக்க மாட்டேங்குது, நம்ம பசங்க காலேஜ்லயும் யூனிவர்சிட்டியிலயும் படிக்கிறவங்க இந்தப் பக்கம் திரும்பணும்னு ஆசை.

போனுக்கும் காருக்கும் எடை முக்கியம், அங்க லித்தியம் ஜெயிக்கும், அதுல சண்டையே இல்ல. ஆனா கேரேஜ் மூலையில, கோயில் பின்கட்டுல, சப்ஸ்டேஷன்ல அசையாம நிக்கப்போற பேட்டரி 50 கிலோவா 250 கிலோவான்னு யாருக்கு கவலை? அங்க கேக்க வேண்டியது எத்தனை வருஷம் நிக்கும், தீப்பிடிக்குமா, ரிப்பேர் பண்ண முடியுமா.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஃப்ளோ வகை இன்னிக்கு பெரிய எடங்களுக்கு வந்தாச்சு, ஜிங்க்-அயான் வீட்டுக்கு வர இன்னும் வேலை பாக்கி இருக்கு, அதுவரைக்கும் எந்த பேட்டரி வாங்கினாலும் கடையில நாலு கேள்வி கேளுங்க. எவ்ளோ ஆழம் வரைக்கும் இறக்கலாம், அந்த ஆழத்துல எத்தனை சுத்து, இன்வர்ட்டர் எந்த வோல்ட்ல கட் ஆகும், சூட்டு சென்சார் இருக்கா. பதில் சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க.

சித்தப்பா ரெண்டாவது தடவை மூடி திறக்கிற ஈய பேட்டரியா வாங்கினார். கட்-ஆஃப 12 வோல்ட்டுக்கு ஏத்தி வெச்சோம், சென்சார் வயர ஒட்டினோம், கேரேஜ் கதவுக்கு மேல ஒரு காத்து ஓட்டை. குழாய்த் தண்ணி ஊத்தாம டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிஞ்சப்புறம். ஆசிட்டோட அடர்த்திய பாக்குற ஹைட்ரோமீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், முழு சார்ஜ்னா 1.27 பக்கம் நிக்கும், காலியானா 1.12க்கு இறங்கும். ஞாயித்துக்கிழமை காலையில கண்ணாடியும் கையுறையும் போட்டுட்டு ஆறு செல்லையும் ஒவ்வொண்ணா பாத்து, சுவத்துல மாட்டியிருக்கிற தமிழ் காலண்டர்ல அந்தந்த தேதிக்குக் கீழ பென்சில்ல எழுதுறார். போன வாரம் போன் பண்ணி, "நாலாவது செல்லு மட்டும் மூணு வாரமா 1.24லயே நிக்குதுடா, மத்ததெல்லாம் ஏறுது"ன்னார். இந்த சனிக்கிழமை போய் அந்த பேட்டரிக்கு மெதுவா ஒரு முழு சார்ஜ் குடுத்துப் பாக்கப் போறோம்.